மூச்சு கேட்கும் வகுப்பு

ஏழாம் மாதம் முடிந்தால் பாதிப் பாய் காலியாகிவிடும். மதுரை கே.கே.நகரில் ஒரு மாடி அறையில் ஒன்பது வருடம் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுத்தேன். எட்டுக் கோரைப்பாய், இரண்டு ஜிம் பந்து, ஒரு துணிப்பொம்மை, இடுப்பெலும்பின் மாதிரி ஒன்று. முதலீடு இவ்வளவுதான். ஐந்தாம் மாதத்தில் வந்து சேர்வார்கள். சாப்பாடு, கால் வீக்கம், தூக்கம், உட்கார்ந்து எழும் முறை என்று பேசிக்கொண்டே வருவோம். பிரசவ வலியைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டிய நேரத்தில் வளைகாப்பு வந்துவிடும். கை நிறைய வளையலோடு அவள் தேவகோட்டைக்கோ கோவில்பட்டிக்கோ தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பை அழுத்திவிடப் பழகிய கணவர் மதுரையில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். பிரசவ அறைக்குள் துணையாகப் போகப்போவது அவளுடைய அம்மா. அந்த அம்மாவை நான் பார்த்ததே இருக்காது.

இதைப் பல வருடம் நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஊர் வழக்கம் அப்படி என்று விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாடி அறையைப் பூட்டிய பிறகுதான், அந்த அறை இல்லாமலும் வகுப்பு நடத்தலாம் என்ற யோசனையே வந்தது.

இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். செவிலியர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், தாய்ப்பால் ஆலோசகர்கள், டூலா என்னும் பிரசவத் துணைக்கான பயிற்சி முடித்த இளம்பெண்கள். "ஆன்லைன்ல கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் சிஸ்டர். லைவா எடுக்கவா, ரெக்கார்ட் பண்ணிப் போடவா, வாட்ஸ்அப் குரூப்பே போதுமா?" ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. ஐந்து வருடத்தில் நான்கு முறை என் வகுப்பின் வடிவத்தை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு பெண் இருக்கிறாள்.

முதல் வகுப்பு ஏப்ரல் மாதம். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். இலவசக் கணக்கு என்பதால் நாற்பது நிமிடம்தான். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஊரடங்கில் மருத்துவமனைக்குப் போகவே பயந்துகொண்டிருந்த நாள்கள் அவை. யாராவது பேசினால் போதும் என்றிருந்தார்கள். இரைச்சல் தாங்காமல் எல்லாரையும் மியூட்டில் போட்டேன். மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். மூக்கால் இழுங்கள், வாயால் மெதுவாக விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள். திரையில் பாதிப் பேர் கேமராவையும் அணைத்திருந்தார்கள். நாற்பது நிமிடம் நான் சுவரோடு பேசியதுபோல் பேசி முடித்தேன்.

அன்றிரவு பரமக்குடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மெதுவா விடுங்கனு சொன்னீங்கள்ல சிஸ்டர், நான் மெதுவாத்தான் விடுறேனானு எனக்கே தெரியலையே. நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நானே செய்திருந்தேன்.

வகுப்பெடுக்க வருமுன் பதினான்கு வருடம் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். அந்த வேலையைப் பாதி காதால்தான் பார்ப்போம். இருபத்தைந்தடி தள்ளி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கட்டிலில் இருப்பவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் வலிக்கு நடுவில் பேசுவாள், அம்மாவைத் திட்டுவாள், தண்ணீர் கேட்பாள். வலி நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்து, கேட்டதற்குப் பதில் வராது. கடைசியில் குரல் தொண்டையை விட்டு அடிவயிற்றுக்கு இறங்கும். கனமான பொருளைத் தூக்குகிறவர் முக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் ஓடுவோம். பயமும் அப்படித்தான். முகத்தில் தெரிவதற்கு முன் மூச்சில் தெரியும். இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும், தோள் காதை நோக்கி ஏறும். பாயில் உட்கார்ந்திருந்தால் நான் தோளில் கை வைத்திருப்பேன். திரையில் கை வைக்க முடியாது. காதையாவது வைக்க வேண்டாமா?

அடுத்த வாரம் கூட்டத்தை ஆறு பேராகக் குறைத்தேன். "மியூட்டை எடுங்கள், மூச்சு கேட்கட்டும்" என்றேன். ஆறு வீடும் ஒரேயடியாக உள்ளே வந்தன. குக்கர் விசில், சீரியல் பாட்டு, தெருவில் காய்கறி வண்டி, எங்கோ ஒரு கன்றுக்குட்டி. ஒரு பெண் கூச்சப்பட்டு, "வீட்ல ஒரே சத்தமா இருக்குக்கா, நான் அணைச்சுக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். பிரசவ அறையும் அமைதியாக இருக்காது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி கத்துவாள், டிராலி உருளும், யாரோ யாரையோ அதட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடி அறையில் ஊதுபத்தி கொளுத்தி, மெல்லிய இசை போட்டு நான் பழக்கியதைவிட இது அவளுக்கு அதிகம் உதவும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஐஸ்கட்டிப் பயிற்சியும் வீட்டில் இருந்தபடிதான் நன்றாக அமைந்தது. உள்ளங்கையில் ஒரு ஐஸ்கட்டியை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு வலி உச்சத்துக்கு ஏறி இறங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். மாடி அறைக்குப் பிளாஸ்கில் ஐஸ் கொண்டுபோவேன். ஆறாவது ஆளுக்கு வருவதற்குள் உருகிவிடும். இப்போது அவரவர் வீட்டுப் பிரிட்ஜிலிருந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். கணவரும் பிடிக்க வேண்டும் என்பது விதி. முப்பதாவது வினாடியில் ஒரு கணவர், "இதையே என்னால பிடிக்க முடியலையே" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவருக்கு நான் தனியாக அறிவுரை எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இடுப்பை அழுத்திவிடுவதில் மட்டும் இன்றும் எனக்குத் திருப்தியில்லை. முதுகின் அடியில், இடுப்பெலும்பு சேரும் இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். எவ்வளவு பலம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் தன் தொடையில் அழுத்திப் பார், பிறகு அவள் "கூட்டு" "குறை" என்று சொல்லச் சொல்ல மாற்று என்கிறேன். மதுரையைச் சுற்றி இருப்பவர்களை ஒரே ஒரு முறை நேரில் வரச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஒன்றில் நான் குறைவாகத்தான் தருகிறேன். சேரும்போதே அதைச் சொல்லிவிடுவேன்.

2021 கோடையில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிப் போடு, நீ தூங்கும்போதும் காசு வரும். மறுக்க எனக்குக் காரணம் இல்லை. நேரலை வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் முன்னும் பின்னுமாக மூன்று மணி நேரம் போகும். இரண்டு மாதம் உட்கார்ந்து பதினெட்டுக் காணொளி எடுத்தேன். நல்ல மைக் வாங்கினேன். 999 ரூபாய் விலை வைத்தேன். விற்கவும் செய்தது. ஆறு மாதம் கழித்து வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். பெரும்பாலோர் இரண்டு, மூன்று காணொளிக்கு மேல் போகவில்லை. "பாக்கணும் பாக்கணும்னு நினைச்சேன் சிஸ்டர், அதுக்குள்ள வலி வந்துருச்சு" என்றாள் ஒருத்தி. அவளுக்குச் சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே குழந்தை பிறந்திருந்தது. பிரசவ வலியைப் பற்றிய காணொளி பதிமூன்றாவது. அவள் ஐந்தாவதில் நின்றிருந்தாள்.

தையல் வகுப்பையோ ஆங்கில வகுப்பையோ எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விற்கலாம். இதற்கு ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியும் முன்னே பின்னே நகரும். அதனால் பேட்ச்களைப் பிரசவத் தேதியை வைத்துப் பிரிக்கத் தொடங்கினேன். ஜூன் மாதத் தேதி உள்ளவர்கள் ஒரு பேட்ச், ஜூலை ஒரு பேட்ச். ஏழாம் மாதம் நடுவில் தொடங்கி எட்டாம் மாத முடிவுக்குள் ஆறு வகுப்பும் முடிந்துவிடும். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், எல்லாருக்கும் இரவில் கால் பிடித்து இழுக்கும், எல்லாருக்கும் சூட்டுவலி வந்து, இதுதான் அந்த வலியோ என்று பயம் வரும். ஒருத்தி கேட்பது மற்ற ஐவருடைய கேள்வியாகவும் இருக்கும். என் ஐந்து வருட மாற்றங்களில் பெரிய பலன் தந்தது இதுதான். செயலியையும் மைக்கையும் மாற்றி இதில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தொலைபேசி விசாரிப்பில் இன்னொன்றும் தெரிந்தது; அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. ஒரு பெண் பதினெட்டையும் பார்த்திருந்தாள். குந்தி எழும் பயிற்சியைத் தினமும் விடாமல் செய்திருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னாள். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை ஒட்டியிருந்தால் இரத்தப்போக்கு வரும் அபாயம் உண்டு. மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் உடற்பயிற்சி கூடாது. நேரில் வந்திருந்தால் முதல் நாளே ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பேன். காணொளிக்கு ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரியாது. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தார்கள். ஆனால் அந்த நலத்தில் என் பங்கு ஒன்றுமில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் இரத்தப்போக்கில் இறந்துபோனார், குழந்தை பிழைத்தது. அந்தக் காணொளிகளை எடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு எடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். என் காணொளியை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார், அதில் எந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார் என்பது, விற்ற பிறகு என் கையில் இல்லை. முக்குவது எப்படி, குழந்தை வெளியே வரும்போது என்ன நடக்கிறது என்ற இரண்டு பாடங்களையும் அந்தத் தொலைபேசி விசாரிப்புக்குப் பிறகு காணொளிகளிலிருந்து நீக்கிவிட்டேன். அவற்றை நேரலையில் மட்டும் சொல்கிறேன். மருத்துவமனை எது, எவ்வளவு தூரம், எந்த வண்டியில் போவாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு முடித்த பிறகு.

மூச்சுப் பயிற்சி உலகம் சுற்றிய கதையும் இதோடு ஒட்டியதுதான். பெர்னான்ட் லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1951-இல் சோவியத் நாட்டில் பார்த்துவந்து பாரிஸில் தொடங்கிய முறை அது. அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி 1959-இல் வெளியிட்டார். புத்தகத்தைப் படித்த பெண்களுக்கு ஆசை வந்தது; கற்றுக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வருடமே அவரும் எலிசபெத் பிங் என்ற பயிற்சியாளரும் சேர்ந்து ஆசிரியர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். என் 999 ரூபாய்க் காணொளிகள் அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்தன. ஆசிரியையின் வேலையையும் அவை செய்யும் என்று நான் நம்பியதுதான் தவறு.

பதிவை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும் கேள்விகள் சில உண்டு. இது சூட்டுவலியா, பிரசவ வலியா? நீர் கசிகிறதே, பனிக்குடம் உடைந்துவிட்டதா? குழந்தை அசைவு குறைந்ததுபோல் இருக்கிறதே? அந்த நேரத்துக்கு நான் விழித்திருக்க மாட்டேன். இவற்றுக்கு மட்டும் மூன்று நிமிடக் காணொளிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் கிளம்ப வேண்டிய அறிகுறியோடுதான் தொடங்கும். இரத்தப்போக்கு, பச்சை நிறமாக வரும் நீர், அசைவு குறைதல், கண் மங்கலோடு தலைவலி: இவற்றில் எது இருந்தாலும் காணொளியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பு, வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடு என்று முதல் இருபது வினாடிக்குள் சொல்லிவிடுவேன். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது மாற்றத்துக்குக் காரணமான பெண்ணை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும். ஒரு வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காக நேரலையைப் பதிவு செய்து குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் செய்வதுதான், வசதியும்கூட. ஒரு வகுப்பில் அவள், முன்பு ஒரு கரு கலைந்ததையும் அதன் பிறகு கணவரோடு சேர்ந்திருக்கவே பயமாக இருப்பதையும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மற்ற ஐவரும் அழுதார்கள். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பதிவை இன்னொருத்தி தன் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். கூடத்தில் இருந்த உறவினர் ஒருவருக்கு அந்தப் பெண்ணின் குடும்பம் பழக்கம். மூன்றே நாளில் பேச்சு அவள் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "உங்களை நம்பித்தானக்கா கேட்டேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு வரவுமில்லை. அவள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் கணவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

அன்றோடு நேரலையைப் பதிவு செய்வதை நிறுத்தினேன். வகுப்பைத் தவறவிட்டவருக்கு வாரநாளில் பதினைந்து நிமிடம் போனில் சொல்கிறேன். பிரசவம் முடிந்து பால்கட்டி வலிக்கிறது, குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்று வீடியோ காலில் வருகிறவர்களுக்கும் அதே விதி: நானும் அவளும் மட்டும். என் கணவர்கூட அந்த அறைக்குள் வர மாட்டார்.

இதிலிருந்துதான், அவள் எங்கே உட்கார்ந்து என்னைக் கேட்கிறாள் என்று யோசிக்கத் தொடங்கினேன். எல்லாருக்கும் கதவடைத்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது என்பது என் கற்பனை. "அத்தை ஹால்ல இருக்காங்கக்கா" என்று சாட்டில் எழுதுவாள். குரலில் கேட்க மாட்டாள். மாமனார் நியூஸ் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன் இடுப்பை அசைக்கும் பயிற்சியை எப்படிச் செய்வாள்? அவளைக் கேமரா போடச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் செய் என்பேன். பேட்ச் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசுவதும் இதற்காகத்தான். கூட்டத்தில் வராத சொல் போனில் வரும். அடி விழுகிற வீடு எது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு முறை தெரிந்துகொண்டிருக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்களில் பலருக்குப் போனே சொந்தமில்லை. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும். அவர்களுக்கு இரவு எட்டரைக்கு மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்புகிறேன், காசு வாங்குவதில்லை. தோசை ஊற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார்கள், பக்கத்தில் மாமியாரும் கேட்கிறார். "சீம்பாலைப் பீச்சி ஊத்தக் கூடாதாம்ல, நீ போன தடவை ஊத்துனியே" என்று மாமியார் மருமகளிடம் சொன்னதாக ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊற்றச் சொன்னதே அந்த மாமியார்தானாம். குரல் பதிவு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகும். அதனால் ஒவ்வொன்றையும், "இது எட்டாம் மாதம் முடிந்தவங்களுக்கு மட்டும்" என்பதுபோல் யாருக்கு என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

அம்மாக்களிடம் திரும்ப வருகிறேன். அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-இல் நெறிமுறை வெளியிட்டது. பிரசவம் கண்ட பெண்ணாக இருக்க வேண்டும். அறையில் மறைவுக்கு வசதியிருந்தால் கணவரும் இருக்கலாம். விரும்பும் துணை ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. துணை விடாமல் கூட இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலிக்கான மருந்தின் தேவை குறைகிறது என்பது 2017-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்த இருபத்தாறு ஆய்வுகளின் முடிவு. அவற்றில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றிருந்தார்கள். நம் ஊரில் அந்தத் துணை பெரும்பாலும் அம்மா. "நாங்கல்லாம் பெக்கலையா" என்று தொடங்குகிற அம்மா, மகள் துடிப்பதைப் பார்த்ததும் முதலில் உடைந்துபோகிற அம்மா. என் ஆறு வகுப்பில் கடைசி மூன்றுக்கு அவர் வந்தே ஆக வேண்டும். அதற்குள் மகள் தாய்வீடு போயிருப்பாள். கணவர் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ தனி ஜன்னலில் வருவார். மாடி அறையில் ஒன்பது வருடம் எனக்கு ஒன்றாகக் கிடைக்காத மூவரும் இப்போது ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஆன்லைனுக்கு நான் நன்றி சொல்வது முதலில் இதற்குத்தான்.

நேரம் ஞாயிறு மாலை ஏழு மணி. 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது எட்டு வாரம்தான். எட்டு வாரத்தையும் முன்னால் எடுப்பவர்கள் குறைவு, குழந்தையோடு இருக்கச் சேர்த்துவைக்கிறார்கள். வாரநாள் பகலில் வைத்தால் வேலைக்குப் போகிறவர் ஒருவரும் வர முடியாது. நம் ஏழு மணி துபாயில் ஐந்தரை, சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை. சிங்கப்பூர்ப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் வருகிறாள். ஆனாலும் வருகிறாள். அங்கே அவளுக்குத் தமிழில் "இடுப்பு விட்டுப்போகுது" என்று சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

'நார்மல் டெலிவரி கிளாஸ்' என்று பெயர் வைத்தால் கூட்டம் வரும் என்கிறார்கள். வரும்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. இந்த எண்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. குறைய வேண்டும் என்றுதான் வகுப்பே எடுக்கிறேன். ஆனால் ஆறு பேரில் இரண்டு மூன்று பேருக்குக் கத்தி வைக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம்போல் ஒரு பெயரை வைப்பது ஏமாற்று. தையல் போட்ட உடம்போடு கட்டிலிலிருந்து எப்படி எழுவது, குழந்தையை எந்தப் பக்கம் அணைத்துப் பால் கொடுப்பது என்று ஒரு முழு வகுப்பு வைத்திருக்கிறேன். சிசேரியன் ஆனவள் குழுவில் குழந்தைப் படம் போடத் தயங்கினால், நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்களுக்கு அதுதான் கவலை. ஒரு பேட்ச்சுக்கு ஆறு தம்பதிகள், ஆளுக்கு 3,000 ரூபாய். எந்த நேரத்திலும் இரண்டு பேட்ச் ஓடும். மாடி அறை வாடகை இல்லை. பதிவு வகுப்பு நன்றாகப் போன மாதங்களைவிடக் கையில் நிற்பது குறைவு. குடும்பம் நடக்கப் போதுமானது. இருபது பேரைச் சேர்த்தால் மூன்று மடங்கு வருமே என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். இருபது பேர் மூச்சை என் காதால் பிரித்துக் கேட்க முடியாது. எட்டுப் பேரைக்கூட முயன்று பார்த்தேன். யாரோ ஒருத்தி தொலைந்துபோகிறாள். அதனால் ஆறு.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள் உண்டு. மைக்கும் விளக்கும் வாங்குமுன், எந்தச் செயலி நல்லது என்று விசாரிக்குமுன், உங்கள் ஊரில் மாசமாக இருக்கும் மூன்று பெண்களின் வீட்டுக்குப் போய்வாருங்கள். வேலைக்குப் போகிறவள் ஒருத்தி, கூட்டுக்குடும்பத்தில் இருப்பவள் ஒருத்தி, போன் கணவர் கையில் இருப்பவள் ஒருத்தி. மாலை ஏழு மணிக்குப் போங்கள். அவள் எங்கே உட்காருவாள், யார் பக்கத்தில் இருப்பார்கள், எதை உரக்கக் கேட்பாள், எதைக் கேட்கவே மாட்டாள் என்று பார்த்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.